சிவப்பு விளக்கு சொல்லும் சேதி

பழைய டீசல் வண்டியில் ஆல்டர்னேட்டர் படுத்துவிட்டாலும் எஞ்சின் ஓடும். சிக்கலே அங்குதான் ஆரம்பிக்கிறது.

டிசம்பர் மாதம். டார்ஜிலிங்கிலிருந்து பிற்பகல் மூன்றரை மணிக்குக் கிளம்பும் ஷேர் ஜீப்பில் இடம் கிடைப்பது சுலபமல்ல. நியூ ஜல்பைகுரியில் இரவு ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் முண்டியடிப்பார்கள். வண்டி ஒரு பழைய டாடா சுமோ. முன்னால் இருவர், நடுவில் நால்வர், பின்னால் நால்வர். கூரை மேல் மூட்டை முடிச்சுகள். கூம் தாண்டி, சோனாடா நெருங்கும்போது டாஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்குகிறது. அணைகிறது. மறுபடி மினுக்குகிறது. பிறகு அணைவதே இல்லை.

டிரைவர் அதைப் பார்க்கிறார். பார்த்தும் பார்க்காததுபோல் ஓட்டுகிறார். அவர் மனதில் ஓடுவது, டீசல் வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த வாக்கியம்: 'டீசல்தானே, ஸ்டார்ட் ஆகிவிட்டால் கரண்ட் எதற்கு?' இன்னும் அரை மணியில் இருட்டிவிடும். சாலையில் மூடுபனி இறங்க ஆரம்பித்திருக்கிறது. ஒரு பக்கம் பொம்மை ரயிலின் தண்டவாளம், மறுபக்கம் பள்ளம்.

இந்தக் காட்சி கற்பனை. ஆனால் மலைச்சாலையில் பழைய டீசல் வண்டி ஓட்டியவர்கள் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். அந்த டிரைவரின் நம்பிக்கை பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் பத்துப் பேரின் உயிர் இருக்கிறது.

எது பாதி உண்மை?

பெட்ரோல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டும். தீப்பொறிக்கு மின்சாரம் வேண்டும். டீசல் எஞ்சினில் அந்த வேலையே இல்லை. காற்றை மிகக் குறுகிய இடத்தில் அழுத்தினால் அது சூடேறும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். பழைய வண்டிகளில் டீசலைப் பீய்ச்சும் பம்பும் எஞ்சினின் பல் சக்கரத்தாலோ பெல்ட்டாலோ ஓடும் இயந்திரச் சாதனம்தான். ஆக, ஸ்டார்ட்டர் மோட்டார் ஒருமுறை எஞ்சினைச் சுழற்றிவிட்டால் அதன் பிறகு பேட்டரிக்கு ஏறக்குறைய வேலையில்லை.

ஏறக்குறைய என்பதுதான் முக்கியம். பழைய அம்பாசடர் டீசலை நிறுத்த டாஷ்போர்டில் ஒரு குமிழை இழுக்க வேண்டும். கம்பி வழியாகப் போய் டீசலை அடைக்கும் ஏற்பாடு அது. அப்படிப்பட்ட வண்டி பேட்டரி அடியோடு செத்தாலும் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆனால் சாவியைத் திருப்பினால் நிற்கும் வண்டிகள் பலவற்றில் இன்ஜெக்‌ஷன் பம்பின் மேல் ஒரு சிறு சாலினாய்டு வால்வு இருக்கிறது. அதற்கு மின்சாரம் கிடைக்கும் வரைதான் அது திறந்திருக்கும். பேட்டரி கீழே இறங்கி, அந்த வால்வைப் பிடித்து வைக்கும் சக்தியும் போய்விட்டால் டீசல் அடைபடும். எஞ்சின் நின்றுவிடும். தன் வண்டி இதில் எந்த ரகம் என்பது தெரியாமல் ஓட்டுகிறவர்களே அதிகம்.

புதிய தலைமுறை டீசல்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. 2005-ல் வந்த மகிந்திரா ஸ்கார்ப்பியோ சி.ஆர்.டி.இ., 2007-ல் வந்த மாருதி ஸ்விஃப்ட் டீசல் போன்ற காமன் ரெயில் வண்டிகளில் டீசலை எப்போது, எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கம்ப்யூட்டர். இன்ஜெக்டர் திறப்பதே மின்சாரத்தால். பேட்டரி வற்றினால் பெட்ரோல் வண்டியைப் போலவே இவையும் நடுரோட்டில் நின்றுவிடும். அந்த வண்டிகளும் இன்று பழைய வண்டிகளாகிவிட்டன. ஆனால் 'டீசலுக்குக் கரண்ட் வேண்டாம்' என்ற பழைய வாக்கியம் மட்டும் மாறவில்லை.

டைனமோவின் வாரிசு

செல்ஃப்-டைனமோ கடை என்றுதான் இன்றும் பல ஊர்களில் போர்டு தொங்குகிறது. கொல்கத்தாவின் மஞ்சள் டாக்சிக்காரரும் 'டைனமோ போய்விட்டது' என்றுதான் சொல்வார். அவர் சொல்வது ஆல்டர்னேட்டரைத்தான். பழைய கார்களில் இருந்தது டைனமோ. அதில் மின்சாரம் பிறப்பது சுழலும் சுருளில். சுழலும் சுருளிலிருந்து அத்தனை கரண்டையும் கார்பன் வழியாக வெளியே எடுக்க வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ கிட்டத்தட்ட ஒன்றும் தராது. டிராஃபிக்கில் நின்றால் பேட்டரி இறங்கும்.

ஆல்டர்னேட்டர் இதைத் தலைகீழாக்கியது. காந்தம் நடுவில் சுழலும். சுற்றிலும் அசையாமல் இருக்கும் சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த அதே தத்துவம்தான். பிறப்பது மாறுதிசை மின்சாரம். பேட்டரிக்கு வேண்டியதோ நேர்திசை மின்சாரம். இடையில் நின்று திருத்துபவை சிலிக்கன் டயோடுகள். அவை மலிவான பிறகுதான் கார்களுக்கு ஆல்டர்னேட்டர் வந்தது. அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் 1960-ல் தன் வேலியன்ட் காரில் அதைப் பொருத்தியது. இந்தியாவில் சென்னை பாடியில் 1961-ல் தொடங்கப்பட்ட லூகாஸ்-டி.வி.எஸ். நாட்டின் வண்டிகள் பலவற்றுக்கும் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் தயாரித்துக் கொடுத்தது.

ஆல்டர்னேட்டருக்குள் கெட்டுப்போகக்கூடியவை அதிகமில்லை. நடுவில் சுழலும் காந்தம் நிரந்தரக் காந்தம் அல்ல. அதற்குக் கொஞ்சம் கரண்ட் கொடுத்தால்தான் காந்தமாகும். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை இரண்டு கார்பன் துண்டுகள். எவ்வளவு கரண்ட் கொடுப்பது என்று முடிவு செய்வது ரெகுலேட்டர். கடைக்காரர்கள் இன்னும் அதை 'கட்-அவுட்' என்பார்கள். டயோடுகள் ஒரு தட்டில். இரு முனையிலும் பேரிங். இவற்றில் ஒன்று போனால் சிவப்பு விளக்கு பேசும்.

அந்த விளக்கின் கதை சுவாரசியமானது. பழைய வண்டிகளில் அது வெறும் அறிவிப்புப் பலகை அல்ல. பேட்டரியிலிருந்து அந்த பல்பின் வழியாகப் போகும் சிறு கரண்டுதான் காந்தத்தை முதலில் எழுப்புகிறது. பல்பின் ஒரு முனை பேட்டரியோடும் மறுமுனை ஆல்டர்னேட்டரோடும் சேர்ந்திருக்கும். ஆல்டர்னேட்டர் வேலை செய்ய ஆரம்பித்ததும் இரு முனையிலும் வோல்டேஜ் சமமாகிவிடும். விளக்கு அணையும். ஒரு பக்கம் குறைந்தால் மறுபடி எரியும்.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். சாவியைப் போட்டதும் விளக்கு எரியவே இல்லையென்றால் நிம்மதி அடையக் கூடாது. பல்ப் ஃபியூஸ் ஆகியிருக்கலாம். அல்லது கார்பன் தேய்ந்து தொடர்பு அறுந்திருக்கலாம். இரண்டிலுமே ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளாமல் போகக்கூடும். அடுத்தது, ஓடும்போது விளக்கு மங்கலாக எரிவதும் செய்திதான். கார்பன் தேய்ந்து விட்டு விட்டுத் தொடும்போதும், டயோடு ஒன்று போகும்போதும் அப்படி ஆகும். பிரகாசமாக எரிந்தால்தான் ஆபத்து என்பதில்லை.

பெல்ட் அறுந்தால் பிரேக்கும் போகும்

விளக்கு எரிந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதல்ல. பெல்ட் இருக்கிறதா என்பதே.

பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஒரே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர் பம்பையும் ஓட்டுகிறது. ரேடியேட்டர் ஃபேனும் பலவற்றில் அதே பெல்ட்டில்தான். பெல்ட் அறுந்தால் மூன்றும் நிற்கும். சிவப்பு விளக்கு எரிந்த சில நிமிடங்களில் டெம்பரேச்சர் முள் மேலே ஏறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உடனே நிறுத்த வேண்டும். இன்னும் இரண்டு கிலோமீட்டர் போய்ப் பார்க்கலாம் என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போகும், ஹெட் வளையும். ஒரு பெல்ட்டின் விலையில் முடிய வேண்டிய வேலை எஞ்சினையே பிரிக்கும் வேலையாகிவிடும்.

டீசலில் இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. காரின் பிரேக் பெடலை லேசாக மிதித்தால் போதும் என்று இருப்பதற்குக் காரணம், வெற்றிடத்தைப் பயன்படுத்தும் பூஸ்டர். பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயிலேயே அந்த வெற்றிடம் கிடைத்துவிடுகிறது. டீசல் எஞ்சினில் காற்றைத் தடுக்கும் த்ராட்டில் இல்லாததால் அது கிடைப்பதில்லை. ஆகவே தனியாக ஒரு வாக்குவம் பம்ப் தேவை. டாடா சுமோ போன்ற பல பழைய டீசல் வண்டிகளில் அந்தப் பம்ப் இருக்கும் இடம் ஆல்டர்னேட்டரின் முதுகு. ஒரே தண்டில் இரண்டும் சுழல்கின்றன.

பெல்ட் அறுந்தாலோ, பேரிங் இறுகி ஆல்டர்னேட்டர் சுழலாமல் நின்றாலோ வாக்குவம் பம்பும் நின்றுவிடும். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதிகளுக்குத்தான் வரும். அதன் பிறகு பெடல் கல்லாக இறுகிவிடும். பிரேக் அடியோடு போவதில்லை. எண்ணெய் அழுத்தம் இருக்கிறது. ஆனால் வழக்கத்தைவிடப் பல மடங்கு பலத்தோடு மிதித்தால்தான் வண்டி நிற்கும். இது தெரியாத டிரைவர், பெடல் இறுகியதும் பிரேக்கே போய்விட்டது என்று பதறுகிறார். காலை எடுத்து எடுத்து மிதிக்கிறார். மிச்ச வெற்றிடமும் தீர்ந்துபோகிறது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: பெடலை விடாமல் முழு பலத்தோடு அழுத்திப் பிடிப்பது, கியரை ஒவ்வொன்றாகக் குறைப்பது, கைபிரேக்கை மெல்ல இழுப்பது, மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்துவது. எஞ்சினை அணைக்கக் கூடாது. கியரில் இருக்கும் எஞ்சின்தான் அப்போது நல்ல பிரேக்.

பெல்ட்டும் சுழற்சியும் சரியாக இருந்து மின்சாரம் மட்டும் வரவில்லையென்றால் பிரேக்குக்கு ஆபத்தில்லை. ஆகவேதான் பானெட்டைத் திறந்து பெல்ட்டைப் பார்ப்பது முதல் வேலை.

பேட்டரிக் கணக்கு

பெல்ட் இருக்கிறது, முள் ஏறவில்லை, பெடல் வழக்கம்போல் இருக்கிறது. இனி வண்டி பேட்டரியில் சேமித்ததைத் தின்றுகொண்டு ஓடுகிறது. எவ்வளவு தூரம் போகலாம்? வீட்டுச் செலவு மாதிரியான கணக்குதான்.

நல்ல நிலையிலுள்ள 80 ஆம்பியர்-மணி பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். பகலில், எதையும் போடாமல், மீட்டர்களுக்கும் பம்பின் வால்வுக்கும் மட்டும் என்றால் செலவு இரண்டு மூன்று ஆம்பியர். ஒரு பகல் முழுதும் ஓட்டிவிடலாம். ஹெட்லைட்டை டிம்மில் போட்டால் 55 வாட் பல்ப் இரண்டுக்கு மட்டும் 9 ஆம்பியர். பின்விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு எல்லாம் சேர்ந்து 12 ஆம்பியரைத் தொடும். காகிதக் கணக்கில் ஆறு மணி நேரத்துக்கு மேல் வர வேண்டும். ஆனால் சில வருடம் உழைத்த பேட்டரியில் பாதிக் கொள்ளளவுகூட இருக்காது. வோல்டேஜ் இறங்க இறங்க விளக்கும் மங்கும். இரண்டு மணி நேரம் உருப்படியான வெளிச்சம் கிடைத்தால் அதிர்ஷ்டம். இதோடு வைப்பர், ஹீட்டர் ஃபேன், பனிவிளக்கு சேர்ந்தால் அதுவும் இல்லை. ஏ.சி.யைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பலர் இங்கே கூடுதலாக ஒரு வினையையும் விதைத்திருக்கிறார்கள். கம்பெனி கொடுத்த பல்பைக் கழற்றிவிட்டு 100 வாட் பல்பு. கூரை மேல் நான்கு விளக்கு. காது கிழியும் ஸ்டீரியோ. 100 வாட் பல்பு இரண்டுக்கு மட்டும் 16 ஆம்பியருக்கு மேல் தேவை. பழைய வண்டியின் ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் சுழன்றால்தான் தன் முழு கரண்டையும் தரும். வண்டி நின்று உறுமும்போது அதில் ஒரு பங்குதான். பாரம் தாங்காமல் சூடேறி டயோடு போவதற்கு ஆல்டர்னேட்டர் மேல் பழி போடுவது நியாயமல்ல.

இன்னொரு விஷயம், வழியில் டீ குடிக்க எஞ்சினை அணைத்தால் அதோடு பயணம் முடிந்தது. டீசல் எஞ்சினின் அழுத்தம் அதிகம். அதைச் சுழற்ற ஸ்டார்ட்டருக்குச் சில நூறு ஆம்பியர் தேவை. ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் ஒரு பிளக்குக்குச் சுமார் 10 ஆம்பியர் வீதம் நான்குக்கும் கொடுக்க வேண்டும். அரைகுறையாக வற்றிய பேட்டரி இதைத் தாங்காது. தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்பது உண்மைதான். சரிவும், சூடான எஞ்சினும், வால்வைத் திறக்கும் அளவு பேட்டரியில் உயிரும் இருந்தால் நடக்கும். குளிர்ந்த காலையில், சமதளத்தில், செத்த பேட்டரியோடு நடக்காது.

கழற்றக் கூடாத வயர்

நெடுஞ்சாலை ஓரக் கடைகளில் இன்றும் ஒரு பரிசோதனை நடக்கிறது. எஞ்சின் ஓடும்போதே பேட்டரியின் வயரைக் கழற்றிவிடுவார்கள். எஞ்சினும் விளக்கும் தொடர்ந்தால் டைனமோ நல்லது, நின்றால் கெட்டது. டைனமோ காலத்தில் பிறந்த பழக்கம் இது. டைனமோ அதைப் பொறுத்துக்கொண்டது. ஆல்டர்னேட்டர் பொறுக்காது.

பேட்டரி என்பது சேமிப்புப் பெட்டி மட்டுமல்ல. வோல்டேஜ் எகிறாமல் பிடித்து வைக்கும் அணையும்கூட. ஓடும்போது அதை விலக்கினால் ஒரு கணத்தில் வோல்டேஜ் பல மடங்கு தாவும். டயோடும் ரெகுலேட்டரும் அங்கேயே சாகலாம். காமன் ரெயில் வண்டியாக இருந்தால் கம்ப்யூட்டரும் சேர்ந்து போகலாம். நல்ல ஆல்டர்னேட்டரைக் கெடுத்துவிட்டு, 'பார்த்தீர்களா, கெட்டுத்தான் போயிருக்கிறது' என்று சொல்லும் சோதனை இது. இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது பிளஸ், மைனஸ் மாறினாலும் இதே கதிதான். சேசிஸில் வெல்டிங் வேலை என்றால் பேட்டரி வயரையும் ஆல்டர்னேட்டர் வயரையும் முன்கூட்டியே கழற்றி வைக்க வேண்டும்.

சரியான சோதனைக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். எஞ்சின் அணைந்திருக்கும்போது முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதி. எஞ்சினை ஸ்டார்ட் செய்து கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 13.8-லிருந்து 14.4-க்குள் வர வேண்டும். ஹெட்லைட்டும் ஃபேனும் போட்ட பிறகும் 13.5-க்குக் கீழே போகாமல் இருந்தால் ஆல்டர்னேட்டர் ஆரோக்கியம். 12.5-லேயே நின்றால் சார்ஜ் இல்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாடு இழந்திருக்கிறது. அப்படி விட்டால் பேட்டரி கொதிக்கும், பல்புகள் வரிசையாகப் போகும். இது சார்ஜ் இல்லாததைவிடக் கெடுதல். மீட்டரை மாறுதிசை வோல்டேஜுக்கு மாற்றிப் பார்த்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் டயோடு மீது சந்தேகம். ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் பேட்டரி வற்றிக் கிடப்பதற்கும் சில சமயம் கசியும் டயோடுதான் காரணம்.

ஆல்டர்னேட்டரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் முன் பார்க்க வேண்டிய ஒன்று எர்த் பட்டை. டீசல் எஞ்சினின் அதிர்வைத் தாங்க ரப்பர் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எஞ்சினையும் சேசிஸையும் இணைக்கும் செம்புப் பின்னல்தான் திரும்பும் பாதை. அது துருப்பிடித்தாலோ அறுந்தாலோ ஆல்டர்னேட்டர் எவ்வளவு உழைத்தாலும் பேட்டரிக்குச் சேராது. ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து பேட்டரியின் மைனஸ் முனைக்கு மீட்டர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் பட்டையைச் சுத்தம் செய்வதே வைத்தியம். செலவு, ஒரு துண்டு உப்புத்தாள்.

கட்டுவதா, மாற்றுவதா?

கார்பன், ரெகுலேட்டர், டயோடு தட்டு, பேரிங். இவை நான்கும் தனித்தனியாகக் கிடைக்கும். இவற்றில் ஒன்று போனதற்கு முழு ஆல்டர்னேட்டரை மாற்றுவது, செருப்பு வார் அறுந்ததற்குப் புதுச் செருப்பு வாங்குவது மாதிரி. கார்பன் போனால் கூடவே அது உரசும் செம்பு வளையங்களையும் பார்க்க வேண்டும். அதில் பள்ளம் விழுந்திருந்தால் புதுக் கார்பனும் சீக்கிரம் தேயும். பிரித்துவிட்ட நேரத்தில் பேரிங்கையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். ஆனால் சுருள் கருகி வார்னிஷ் வாடை அடித்தால் வேறு கதை. மறுபடி கட்டலாம், கட்டுபவரின் கையைப் பொறுத்து உழைக்கும்.

டெல்லி காஷ்மீரி கேட், கொல்கத்தா மல்லிக் பஜார், பெங்களூர் ஜே.சி. ரோடு, சென்னை புதுப்பேட்டை என்று பழைய வண்டிக்குப் பாகம் தேடிப் போகும் இடங்கள் ஊருக்கு ஊர் உண்டு. 2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பு நின்ற பிறகும், 2019-ல் சுமோ நின்ற பிறகும், அந்த வண்டிகள் ஓடுவதற்கு இந்தக் கடைகளும் ஒரு காரணம். அங்கே வாங்குபவர் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பழைய ஆல்டர்னேட்டரைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட வேண்டும்; கப்பி அளவு, காது துளை, ஆம்பியர் எல்லாம் ஒத்திருக்க வேண்டும். வாக்குவம் பம்ப் உள்ள வண்டிக்குப் பம்ப் உள்ள ஆல்டர்னேட்டரே வேண்டும். மேசையில் சுழற்றிக் காட்டச் சொல்லி, மீட்டரைப் பார்த்த பிறகே காசு கொடுக்க வேண்டும்.

பம்ப் உள்ள ஆல்டர்னேட்டரைப் பொருத்தும்போது இன்னொரு ஜாக்கிரதை தேவை. அந்தப் பம்புக்கு எஞ்சின் ஆயில்தான் பாய்கிறது. ஆயில் வரும் குழாய் சரியாக இறுகாவிட்டால் ஓடும்போது எஞ்சின் ஆயில் முழுதும் ரோட்டில் கொட்டிவிடும். பம்பின் சீல் தேய்ந்தால் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் கசிந்து கார்பனை ஊறவைக்கும். அடிக்கடி கார்பன் போகும் வண்டியில் கார்பனைக் குறை சொல்லாமல் சீலைப் பார்க்க வேண்டும். பொருத்தி முடித்ததும் எஞ்சினை ஓடவிட்டு, வண்டி நகரும் முன்பே பிரேக் பெடலை நான்கைந்து தடவை மிதித்துப் பார்ப்பது கட்டாயம்.

வருமுன் காக்க வேண்டியவையும் பெரிய வேலை அல்ல. இரு கப்பிகளுக்கு நடுவே பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். அதிகம் தளர்ந்தால் வழுக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்துவது அதுதான். அதிகம் இறுக்கினால் ஆல்டர்னேட்டர் பேரிங்கும் தண்ணீர் பம்பும் தேயும். வெடிப்பு விழுந்த பெல்ட்டை மாற்றிவிட்டு, கழற்றியதில் சுமாராக இருப்பதை டிக்கியில் போட்டு வைப்பது பழைய டிரைவர்களின் வழக்கம். அதோடு இரண்டு ஸ்பானரும் இருந்தால் பாதி ராத்திரிகள் தப்பிக்கும்.

பழைய டீசல் வாங்குபவர்களுக்கு இது இன்னும் அவசியம். டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதன் பின்னும் உத்தரவுகள் திருத்தப்பட்டிருக்கின்றன. அங்கிருந்து ஏராளமான டீசல் கார்கள் தடையின்மைச் சான்றோடு மற்ற மாநிலங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர் பெயின்ட்டைத் தட்டிப் பார்க்கிறார், டயரை உதைத்துப் பார்க்கிறார். சாவி போட்டதும் சிவப்பு விளக்கு எரிகிறதா, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறதா என்று பார்ப்பதில்லை. அதற்கு ஆவது பத்து நொடி.

மறுபடி சோனாடா

மலைச்சாலையில் விட்டுவந்த சுமோவுக்குத் திரும்பலாம். நம் டிரைவர் கடைசியில் விளக்கைப் பார்க்காததுபோல் நடிப்பதை நிறுத்துகிறார். டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கிறது. பெடல் வழக்கம்போல் மிருதுவாக இருக்கிறது. கடைகள் இருக்கும் இடத்தில் மலைப்பக்கமாக ஒதுக்குகிறார். எஞ்சினை அணைக்கவில்லை. கிளீனர் பையன் சக்கரத்துக்குக் கல் வைக்கிறான். பானெட்டைத் திறந்தால் பெல்ட் சுழல்கிறது. ஸ்டீரியோ, ஹீட்டர் ஃபேன் இரண்டையும் அணைக்கிறார். பகல் வெளிச்சம் இருக்கும்போதே கர்சியாங் போய்விடலாம். அதற்குக் கீழே, இருட்டில், மூடுபனியில், மங்கிக்கொண்டே போகும் விளக்கோடு இறங்கக் கூடாது.

கர்சியாங்கில் அவர் பயணிகளிடம் உள்ளதைச் சொல்கிறார். கோபம் வருகிறது. ரயில் போய்விடும் என்கிறார் ஒருவர். இவ்வளவு தூரம் வந்த வண்டி இன்னும் கொஞ்சம் வராதா என்கிறார் இன்னொருவர். டிரைவர் தெரிந்த இரண்டு வண்டிகளுக்குப் போன் போட்டு, இருக்கும் இடங்களில் ஆட்களைப் பிரித்து ஏற்றி அனுப்புகிறார். வாங்கிய வாடகையில் பெரும்பகுதியை அந்த டிரைவர்களிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ராத்திரி வண்டியிலேயே படுக்கை.

மறுநாள் காலை செல்ஃப்-டைனமோ கடைக்காரர் ஆல்டர்னேட்டரைப் பிரித்து, கட்டைவிரல் நகம் அளவுக்குத் தேய்ந்த இரண்டு கார்பன் துண்டுகளை அவர் உள்ளங்கையில் வைக்கிறார். புதிது போட்டு முடிக்க ஒரு மணி நேரம். செலவு, முந்தின நாள் அவர் இழந்த வாடகையில் ஒரு சிறு பங்கு. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா ஒரு நாள் வருமானத்தை விட்டோம் என்று அவருக்குத் தோன்றலாம். ஆனால் எது சின்ன விஷயம் என்பது பிரித்துப் பார்த்த பிறகுதான் தெரியும். முந்தின நாள் மாலை அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சிவப்பு விளக்கும், முன்னால் இருந்த இறக்கமும்தான். அதை வைத்து அவர் எடுத்த முடிவு சரியானது.

சாவியைப் போடுகிறார். விளக்கு எரிகிறது. எஞ்சின் உறுமியதும் அணைகிறது.